லண்டனில் ஈஐசிஆர் சேவைகள்: 70 பவுண்ஸுக்கும் 200 பவுண்ஸுக்கும் உள்ள வித்தியாசம்

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது மின்பரிசோதனை செய்வித்து ஈஐசிஆர் (EICR), அதாவது வீட்டின் மின் அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட், வைத்திருக்க வேண்டும். 2020இல் வந்த சட்டம் இது. பழைய வாடகை ஒப்பந்தங்களுக்கும் 2021 ஏப்ரல் 1இலிருந்து பொருந்துகிறது. மீறினால் கவுன்சில் பல்லாயிரம் பவுண்ஸ் தண்டம் போடலாம். இதை வெறும் பேப்பர் வேலையாக நினைத்து ஆன்லைனில் ஆகக் குறைந்த விலைக்காரரைப் பிடிப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

70, 80 பவுண்ஸ் சேவைகள் நேரத்தில்தான் வெட்டுகின்றன. மூன்று அறை வீட்டில் எட்டு, பத்து சர்க்கியூட்கள், அதாவது பியூஸ் பெட்டியிலிருந்து பிரியும் தனித்தனி மின்பாதைகள், இருக்கும். மெயினை நிறுத்தி, சாக்கெட்டுகளைக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொரு சர்க்கியூட்டையும் அளக்க மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். முக்கால் மணியில் கிளம்புகிறவர் மெயினையே நிறுத்தியிருக்க மாட்டார். 150இலிருந்து 250 பவுண்ஸ் கேட்பவரிடம் நீங்கள் வாங்குவது அந்த நேரத்தை.

எது உண்மையான பரிசோதனை என்பது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் தெரியும். சாக்கெட் ரிங் வரியைப் பாருங்கள். ரிங் என்பது பெட்டியில் தொடங்கி சாக்கெட்டுகளைச் சுற்றிப் பெட்டிக்கே திரும்பும் கேபிள். அங்கே லைவ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் சுற்றின் எதிர்ப்பு எழுதியிருக்க வேண்டும். வழக்கமான கேபிளில் லைவும் நியூட்ரலும் 2.5 சதுர மில்லிமீட்டர், எர்த் 1.5. ஆகவே முதல் இரண்டும் 0.50 ஓம் என்றால் எர்த் 0.84 அளவில் வரும். மூன்றிலும் ஒரே எண் இருந்தால், அந்தக் கேபிளில் யாரும் மீட்டர் வைக்கவில்லை. அந்த வரி முழுக்க 'லிம்' (சோதிக்க முடியவில்லை என்ற குறி) என்று போட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள்.

இந்த ஒரு சோதனையை விட்டால் என்ன ஆகும்? ரிங் எங்காவது அறுந்திருந்தாலும் சாக்கெட் எல்லாம் வேலை செய்யும், குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமாகப் பிரிய வேண்டிய கரண்ட் ஒரே பக்கத்தால் ஓடும். சுவரில் நேரே பதித்த 2.5 கேபிள் தாங்குவது 27 ஆம்பியர், பிரேக்கரோ 32. ஹீட்டரும் டிரையரும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழாமலே கேபிள் சூடாகும்.

மற்ற எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். 500 வோல்ட்டில் இன்சுலேஷனின் எதிர்ப்பு குறைந்தது 1 மெகாஓம். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சாதனமான ஆர்சிடி, 30 மில்லிஆம்பியர் என்றால், 300 மில்லிசெக்கனுக்குள் விழ வேண்டும். பி32 (B வகை, 32 ஆம்பியர்) பிரேக்கருக்கு எர்த் லூப், அதாவது பழுதில் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் எதிர்ப்பு, உச்சம் 1.37 ஓம்.

மலிவுச் சேவை விட்ட காசைப் பிடிப்பது அடுத்த கட்டத்தில். ரிப்போர்ட்டில் குறைகளுக்குக் குறி போடுவார்கள்: சி1 உடனடி ஆபத்து, சி2 ஆபத்தாகக்கூடியது, சி3 மேம்படுத்தலாம், எஃப்ஐ மேலும் ஆராய வேண்டும். "பியூஸ் பெட்டி பிளாஸ்டிக், அதனால் சி2, மாற்றியே ஆக வேண்டும்" என்பார்கள். 2016இலிருந்து வீடுகளில் புதிதாகப் போடும் பெட்டி தீப்பிடிக்காத உறையில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பழைய பிளாஸ்டிக் பெட்டி கருகாமல், தளராமல் நல்ல நிலையில் இருந்தால் அதற்காக மட்டும் சி2 போட இடமில்லை. மரப்படிக்குக் கீழே இருந்தால் சி3. சி1, சி2, எஃப்ஐ மூன்றும்தான் ரிப்போர்ட்டைத் தோல்வியாக்கும். சி3 வெறும் பரிந்துரை. கேஸ், தண்ணீர்க் குழாய்களுக்கு எர்த் பொண்டிங் (குழாயை எர்த்தோடு இணைக்கும் கம்பி) இல்லாததும், தோட்டத்து வேலைக்குப் பாவிக்கும் சாக்கெட்டுக்கு ஆர்சிடி இல்லாததும் நியாயமான சி2. அவற்றுக்குப் பேரம் பேச வேண்டாம்.

ஆளை அமர்த்த முன் இரண்டைச் சரிபாருங்கள். எலக்ட்ரீஷியன்களைப் பதியும் என்ஐசிஇஐசி, நாப்பிட் போன்ற அமைப்பில் இன்றைக்கும் பதிவு இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையத்தளத்திலேயே தேடுங்கள். வான் வண்டியில் ஒட்டிய லோகோ சாட்சியல்ல. பிறகு பரிசோதனைக்கான தகுதி, உதாரணமாக சிட்டி அண்ட் கில்ட்ஸ் 2391, இருக்கிறதா என்று கேளுங்கள். வயரிங் நன்றாகச் செய்பவர் எல்லாருக்கும் அது இருக்காது. ஈஐசிஆர் எழுதப் பதிவு கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, தகுதியும் திறமையும் உள்ளவர் என்றுதான் சொல்கிறது. ஆனால் பெட்டி மாற்றினாலோ புது சர்க்கியூட் இழுத்தாலோ 2005இல் வந்த 'பார்ட் பி' (Part P) என்ற வீட்டு மின்வேலைக்கான கட்டிட விதி குறுக்கே வரும். பதிந்தவர் தானே சான்று கொடுத்துவிடுவார், உங்களுக்குத் தபாலில் வரும். பதியாதவர் செய்தால் பொதுவாக வேலை தொடங்க முன்பே கட்டிடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தச் சான்று இல்லாதது வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேள்வியாக வந்து நிற்கும்.

200 பவுண்ஸ் சேவையிலும் ஒரு குறை: ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பியதோடு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மீதி உங்கள் தலையில். பிரதியை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுங்கள். கவுன்சில் கேட்டால் 7 நாள்தான். சி1, சி2, எஃப்ஐ இருந்தால் 28 நாளுக்குள், ரிப்போர்ட்டில் அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் அதற்குள், திருத்த வேலையையோ மேலதிக ஆய்வையோ முடிக்க வேண்டும். முடித்ததும் எலக்ட்ரீஷியனிடம் எழுத்தில் உறுதி வாங்கி, இன்னொரு 28 நாளுக்குள் குடியிருப்பவருக்கும் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதமும் விலைக்குள் அடங்குமா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.