கண்டியில் கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சை: அங்குலம் குறைந்தது, கிலோ குறையவில்லை

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் அடிவயிற்றில் தங்கிவிட்ட மடிப்பு, பாடசாலை விட்டு வந்து மாலைதோறும் நடந்தும் கரையாதிருந்ததால், கத்தியின்றிக் கொழுப்பைக் குறைப்பதாக விளம்பரம் செய்திருந்த கண்டியிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு அட்டனிலிருந்து பஸ் ஏறினேன். செலவு என் ஒரு மாதச் சம்பளத்தை ஏறக்குறைய விழுங்கிவிட்டது.

சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. தோலைவிடக் கொழுப்புக் கலங்கள் குளிருக்கு விரைவில் பழுதடையும். குச்சி ஐஸ் சப்பும் குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு அழற்சி ஏற்படுவதை 1970இலேயே மருத்துவர்கள் பதிவுசெய்திருந்தனர். பிற்காலத்தில் ஹார்வர்ட் ஆய்வாளர்களான டீட்டர் மான்ஸ்டைனும் ரொக்ஸ் ஆண்டர்சனும் குளிரால் கொழுப்பைக் குறைக்கும் இம்முறையை உருவாக்கினர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் இடுப்புப் பக்கங்களுக்கும் 2012இல் வயிற்றுக்கும் இதனை அனுமதித்தது. மார்கழியில் நுவரெலியாவில் நின்றாலே போதாதா என்று என் கணவர் கேட்டார். போதாது, மடிப்பைக் கிண்ணம் போன்ற கருவி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, பூச்சியத்துக்கும் கீழான குளிரை அரைமணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

முதல் பத்து நிமிடங்கள் கடுமையாக இழுத்து வலித்தது, பிறகு மரத்துப்போனது. கருவியைக் கழற்றியபின் வெண்ணெய்க் கட்டிபோல் விறைத்திருந்த வயிற்றைத் தாதி பிசைந்துவிட்டபோதுதான் உண்மையான வேதனையை உணர்ந்தேன். பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்ட அவரைப்பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மரத்த உணர்வு மூன்று வாரம் நீடித்தது.

இறந்த கலங்களை உடல் மெதுவாகவே அகற்றுவதால் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்களாகும். சிகிச்சை பெற்ற இடத்தின் கொழுப்புப் படை ஒரு தவணையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் வரை மெலியலாம் என்பதே பொதுவான கணக்கு. மூன்றாம் மாத முடிவில் என் வயிற்றுச் சுற்றளவு ஓர் அங்குலம் குறைந்திருந்தது. சேலைக் கொசுவம் இப்போது ஒழுங்காக அமர்கிறது. தராசு மட்டும் அசையவேயில்லை. அசையவும் கூடாது, ஏனெனில் இது தோலுக்கடியிலுள்ள கொழுப்புக்கான சிகிச்சையே தவிர, குடலைச் சூழ்ந்த கொழுப்பையோ உடல் எடையையோ குறைப்பதல்ல. விளம்பரத்தில் 'எடைக்குறைப்பு' என்று எழுதியிருந்தது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

அதைவிடக் கவலையளித்தது முன் ஆலோசனை. குளிர்பட்டால் இரத்தத்தில் கோளாறு ஏற்படும் சில அரிய நோயுள்ளவர்களுக்கு இச்சிகிச்சை ஆகாது. என்னிடம் அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொழுப்பு குறைவதற்கு மாறாக அவ்விடத்தில் தடித்து வளரும் அபூர்வ விளைவையும் சொல்லவில்லை. தமக்கு அது நேர்ந்ததை மாடல் அழகி லிண்டா எவஞ்சலிஸ்டா 2021இல் வெளிப்படையாகக் கூறியிருந்தார். நானே விசாரித்தபோது, அவ்வாறு வளர்ந்ததை அகற்றப் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் தேவைப்படும் என்பதை வரவேற்பாளர் சிரித்து மழுப்பிவிட்டார்.

இரண்டாம் தவணைக்குக் கழிவு தருவதாக இருமுறை அழைத்தார்கள். முதலில் மருத்துவர் ஒருவர் என்னைப் பரிசோதிக்கட்டும் என்றேன். அதன்பின் அழைப்பு வரவில்லை.