மார்ச் மாதம் செல்ஃப் எடுக்காத மோட்டார்ஹோம்: எட்டு வருட அனுபவம்

போன வாரம் இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கும் நண்பன் கூப்பிட்டான். பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு வீடுபோல இருக்கும் வண்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். "மாப்ள, நீதான் எட்டு வருஷமா வச்சிருக்கியே, பேட்டரி அடிக்கடி படுத்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?" அவன் கேட்ட நேரத்தில் நான் வண்டிக்குள் தலைகீழாகக் குனிந்து, பேட்டரி மூடியின் கடைசித் திருகோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். இதுதான் அந்த அப்புறம்.

வண்டி 2014 மாடல், நான் வாங்கியது 2018இல். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தத் தொல்லை பல கம்பெனி வண்டிகளிலும் உண்டு. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கை தீவு வரை போயிருக்கிறோம். பெம்புரோக்‌ஷர் கடற்கரையில் மழைக்கு நடுவே தோசை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். எஞ்சின் ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறைப் பயணம் முடிந்ததும் வாசலில் நிறுத்துவோம். மறுபடி மார்ச்சில் சாவியைத் திருகினால் டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், கூரையில் 100 வாட் சோலார் தகடு இருக்கிறது. வாங்கும்போது அதைக் காட்டித்தான் விற்றார்கள். ஆனால் மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறிக்கு லெஷர் பேட்டரி. எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் பேட்டரி. என் வண்டியில் சோலார் சோறு போடுவது லெஷருக்கு மட்டும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சார்ஜரும் அதைத்தான் கவனிக்கும். ஆனால் நிற்கும்போது ஓயாமல் கரண்ட் குடிக்கும் அலாரமும், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கரும் தொங்குவது ஸ்டார்ட்டரில். அண்ணன் வீட்டில் விருந்து, தம்பி வீட்டில் பட்டினி. நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. எல்லா வண்டியும் இப்படியில்லை, சிலவற்றில் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்யும் ஏற்பாடு உண்டு. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் கேட்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். ஆயுத பூஜைக்கு டயரடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு இருக்கும் பலன்கூட அதற்கு இல்லை. குளிரில் கிளப்பும்போது போகிற சார்ஜை நின்ற இடத்தில் ஓடும் பத்து நிமிடம் சரியாக ஈடுகட்டாது. அப்புறம்தான் வோல்ட்டும் கரண்டும் அளக்கும் மல்டிமீட்டர் வாங்கினேன். பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து அளந்தால், சும்மா நிற்கும்போதே ஸ்டார்ட்டரிலிருந்து போவது 60 மில்லி ஆம்பியர். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). என்னுடையது 95 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஐந்தே வாரத்தில் பாதி காலி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்ததில் 25 மில்லி ஆம்பியர் ரேடியோவின் வேலை. யாரோ பிற்பாடு மாட்டியது, சாவியை எடுத்தாலும் தூங்காது. அதைத் துண்டித்தேன். மீதி 35ஐ ஒன்றும் செய்ய முடியாது. டிராக்கர் வேலை செய்ய வேண்டும் என்பது இன்சூரன்ஸில் எழுதியிருக்கிறது.

மைனஸ் முனையைக் கழற்றி வைத்தால் போதாதா என்பீர்கள். கழற்றினேன். அலாரத்தின் சைரனுக்குள்ளேயே தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வயரை வெட்டிவிட்டுத் திருடினாலும் கத்த வேண்டுமே, அதற்காக. ஞாயிறு காலை ஏழரை மணி. எதிர்வீட்டுப் பாட்டி கையில் டீயோடு வாசலுக்கே வந்துவிட்டார். "ஏங்க, அதை மறுபடி மாட்டித் தொலைங்க" என்று என் மனைவி மாடியிலிருந்து. இத்தனைக்கும் அந்த முனையைத் தொடுவதே பெரும்பாடு. பேட்டரி இருப்பது பானெட்டுக்குள் இல்லை; பக்கத்து இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்தில், மிதியடிக்குக் கீழே, திருகு போட்ட மூடிக்குள்.

2020 ஊரடங்கில் வண்டி அசையவே இல்லை. ஒருநாள் அளந்தால் 4 வோல்ட். சார்ஜரை மாட்டினால் அது பேட்டரி இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து ஸ்மார்ட் சார்ஜர்கள் பலவும் வோல்ட் ரொம்ப இறங்கியிருந்தால் வேலையை ஆரம்பிக்காது. காரின் நல்ல பேட்டரியை இணையாகக் கொடுத்து ஏமாற்றித்தான் ஏற்றினேன். ஏறியது, ஆனால் நிற்கவில்லை. முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் படியும் சல்பேட் இறுகிப்போய்விடும், பிறகு எந்த சார்ஜராலும் முழுசாகக் கரைக்க முடியாது. போதாததற்குக் காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்துவிடுவதால் பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறையும். புதுசு வாங்கினேன். 2022இல் இன்னொன்று.

அந்த இரண்டாவதோடு சேர்த்து மாட்டியதுதான் இந்த எட்டு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி, இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உட்காரும். லெஷரில் மிச்சமிருந்தால் ஸ்டார்ட்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். மூன்று வயர்தான், நானே மாட்டினேன். டிசம்பரில் இங்கே சோலார் ஒரு வாரம் முழுக்கத் தருவது ஜூனில் ஒரு நாள் தருவதற்குக்கூட ஈடாகாது. ஆனாலும் 35 மில்லி ஆம்பியரை ஈடுகட்ட எனக்கு அது போதுமாக இருந்தது. பிப்ரவரியில் போய் அளந்தால் 12.7. மூன்று குளிர்காலம், சாவியைத் திருகியதும் எஞ்சின். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட அதன் பெருமையைப் பேசியிருக்கிறேன்.

சரி, இந்த வருடம் ஏன் மூடியைக் கழற்றினேன்? போன அக்டோபரில் விலை குறைந்ததென்று வண்டிக்கு ஒரு போர்வை வாங்கினேன். பாசி பிடிக்காமல் இருக்க, கூரை முதல் டயர் வரை மூடும் போர்வை. சோலார் தகட்டையும் சேர்த்துத்தான். உள்ளே கன்ட்ரோல் பேனலை அணைக்கவும் மறந்துவிட்டேன். அந்தக் கருவி நாணயமாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது: லெஷரில் இருந்ததை வழித்து ஸ்டார்ட்டருக்கு ஊட்டி, இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டன. 11.3, 11.6 வோல்ட். தப்பு என்னுடையதுதான், தெரிகிறது. தெரிந்தும் வண்டி மேல்தான் கோபம் வருகிறது.

நண்பனுக்கு: வாங்காதே. வருடத்தில் ஐந்து மாதம் சும்மா நிற்கும் ஒன்றுக்கு இத்தனை பணிவிடை வேண்டாம், கோடையில் வாடகைக்கு எடுத்துக்கொள். கேட்க மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் சனிக்கிழமை பார்க்கப் போகும்போது விற்பவரிடம் எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லாதே, அதற்கென்று முதல்நாளே சார்ஜ் போட்டிருப்பார். பேட்டரி எங்கே இருக்கிறது, மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று கேள். மல்டிமீட்டரை என்னிடம் வாங்கிக்கொள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் என் வண்டியைத் தள்ளவும் ஒரு கை கிடைக்கும். ஈஸ்டருக்கு நார்த்தம்பர்லாந்தில் இடம் பதிவு செய்தாகிவிட்டது.