நதிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: காதில் ஒரு குரலோடு பாரிஸ், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்

36 வருடம் புதுச்சேரியில் தபால் கொடுத்தவன் நான். ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் காலையில் சார்ட்டிங் முடித்து, பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கால்வாயைத் தாண்டினால் துய்மா வீதி, ரொமேன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று என் பீட் கடற்கரை வரை போகும். விலாசம் ஒழுங்காக எழுதியிருந்தால் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் போய் நிற்கலாம். “கோயில் பக்கம்”, “பெரிய மரத்துக்கு எதிரே” என்று எழுதியிருந்தால் அரை நாள் போச்சு. காதில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஆடியோ நடைகளையும் நான் அந்தக் கணக்கில்தான் எடை போடுகிறேன். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறதா? அதைச் சொல்லிவிட்டால் சரித்திரம் தானாக மனதில் ஏறும்.

என் மகள் சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டவள். பாரிசுக்கு வடக்கே சார்செலில் வீடு. 2018 மே மாதம் நானும் என் வீட்டுக்காரியும் முதல் முறையாகப் போனோம். மகளும் மருமகனும் காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார்கள். மூன்றாம் நாள் மருமகன் என் போனில் ‘ரிக் ஸ்டீவ்ஸ் ஆடியோ யூரோப்’ என்ற ஆப்பைப் போட்டுக் கொடுத்து, “மாமா, இதைக் கேட்டுக்கிட்டே நடங்க, வழி தப்பாது” என்றார். ரிக் ஸ்டீவ்ஸ் ஐரோப்பாவைப் பற்றிப் பயண நூல்கள் எழுதியும் டி.வி. நிகழ்ச்சி நடத்தியும் பேர் வாங்கிய அமெரிக்கர். ஆப்பும் இலவசம், அதில் இருக்கும் நடைகளும் இலவசம். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் தெருவில் நெட் வேண்டாம். பேச்சு ஆங்கிலத்தில். நிதானமான ஆங்கிலம்தான், எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டு நிமிடம் கேட்பேன், நிறுத்துவேன், அவளுக்குத் தமிழில் சொல்வேன், பிறகு நடப்போம். ஒன்றரை மணி நேர நடை எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது.

ஷாத்லே நிலையத்தில் இறங்கி, சென் நதிப் பாலத்தைத் தாண்டி, நோத்ர தாம் தேவாலயத்து முன்னால் போய் நின்றோம். முகப்பில் மூன்று வாசல். இடப்பக்க வாசலில் வரிசையாக நிற்கும் சிலைகளில் ஒருவர் தன் தலையைத் தானே கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார். அவர்தான் புனித தெனி, பாரிசின் முதல் பிஷப். ரோமானியர்கள் தலையை வெட்டிய பிறகும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார், விழுந்த இடத்துக்கு சேன் தெனி என்று பேர் வந்தது என்பது கதை. காலையில் நாங்கள் வந்த ரயில் அந்த சேன் தெனியைக் கடந்துதான் வந்திருந்தது. ஜன்னலில் பேர்ப் பலகையைப் பார்த்தது அப்போதுதான் இவளுக்கு ஞாபகம் வந்தது.

“தலை போன பிறகு எப்படிங்க நடந்தாரு?” என்றாள். கொஞ்ச நேரம் அந்தச் சிலையையே பார்த்துவிட்டு, “எங்க ஊரு எல்லையில ஒரு நவகண்டக் கல்லு இருக்கே, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கிற வீரன், அவனை மாதிரியே முகத்துல ஒரு பயமும் இல்ல பாருங்க” என்றாள். திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பெண் அவள். அத்தனை சிலைகளுக்கு நடுவே அந்த ஒன்றை நாங்களாகக் கண்டுபிடித்திருப்போமா? இந்த வாசல், இந்தப் பக்கம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்தக் குரல் சொன்னது.

தேவாலயத்து முன் தரையில் பதித்த ஒரு பித்தளைத் தகடும் உண்டு. பிரான்சில் பாரிசிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று எழுதுகிறார்களே, அந்தத் தூரமெல்லாம் அங்கிருந்துதான் அளக்கிறார்கள். என் மாதிரி ஆளுக்கு அதைவிடப் பெரிய தரிசனம் என்ன வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றேன்.

தெரு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிசில் 1805ஆம் ஆண்டிலிருந்து ஒரே முறை. நதியிலிருந்து விலகிப் போகும் தெருவில் எண் நதிப் பக்கம் தொடங்கும். நதியை ஒட்டி ஓடும் தெருவில் தண்ணீர் ஓடும் திசையிலேயே எண்ணும் ஏறும். ஒற்றைப்படை இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். இது மட்டும் தெரிந்தால் அந்த ஊரில் நதி எந்தப் பக்கம் என்று வீட்டு எண்ணே சொல்லிவிடும். நம் ஊரில் கடல் கிழக்கே இருப்பதால் தபால்காரருக்குத் திசை குழம்பாது. அங்கே அந்த வேலையை நதி செய்கிறது. நல்ல ஆடியோ நடைகள் இதைப் புரிந்துகொண்டு “நதிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்” என்று சொல்லும். மட்டமானவை “வடமேற்கே 40 மீட்டர்” என்று சொல்லும். வெயில் இல்லாத ஊரில் வடமேற்கை எங்கே தேடுவது?

2019 ஏப்ரல் 15 அந்தத் தேவாலயம் எரிந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் டி.வி.யில் கோபுரக் கூர்முனை சரிவதைப் பார்த்தோம். என் போனில் பழைய ஆடியோ அப்படியே இருந்தது. அன்று ராத்திரி இவள் கேட்டுக்கொண்டதால் அதைப் போட்டேன். அந்தக் குரலுக்கு ஒன்றும் தெரியாது, கூர்முனை நின்றுகொண்டிருக்கிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தது. புரியாத மொழியாக இருந்தும் இவள் அழுதுவிட்டாள். 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திரும்பத் திறந்தார்கள். 2025 மே மாதம் மறுபடி போனபோது கூர்முனை பழையபடி நின்றது. ஒன்று சொல்கிறேன்: ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஆடியோவைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் பழையதை அழிக்காதீர்கள்.

இரண்டாம் பயணத்தில் காசு கொடுத்து இன்னொரு ஆப்பும் வாங்கினேன். பேர் வேண்டாம். ஒரு நடைக்கு 8 யூரோ. நாம் நடக்க நடக்க ஜி.பி.எஸ். பார்த்து அதுவாகவே பேசும், போனைத் தொடவே வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. அகலமான இடங்களில் நன்றாகத்தான் வேலை செய்தது. நதிக்கரையில் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்கிறார்களே, அங்கே கச்சிதம். சந்துக்குள் நுழைந்ததும் எல்லாம் கெட்டது. பாரிசின் லத்தீன் குவார்ட்டர் பகுதியில் ‘மீன் பிடிக்கும் பூனை’ என்று பேர் கொண்ட ஒரு சந்து உண்டு, ரூ த்யு ஷா கி பெஷ். அகலம் இரண்டு மீட்டர் கூடக் கிடையாது. நான் கையை விரித்தால் இரண்டு சுவரும் கைக்கு எட்டும் போல இருந்தது. அதற்குள் நிற்கிறோம், காதில் குரல் பக்கத்துத் தெருத் தேவாலயத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டடி பின்னால் வந்தால் நிற்கிறது, முன்னால் போனால் முதலிலிருந்து தொடங்குகிறது. உயரமான சுவர்களில் பட்டுத் தெறித்து சிக்னல் வருவதால் நாம் நிற்கும் இடத்தைப் போன் தப்பாகக் கணக்குப் போடுகிறது. கையால் நிறுத்தி ஓட விடும் முறைதான் பழைய ஊர்களுக்குச் சரி என்று அந்தச் சந்திலேயே முடிவு செய்தேன். நாமே நிறுத்தினால்தான் நின்று பார்க்கவும் தோன்றுகிறது.

இத்தாலியின் ஃப்ளோரன்சில் எனக்கு ஒரு விருந்து காத்திருந்தது. தங்கும் வீட்டின் எண் 15. 15ஆம் எண்ணில் போய் நின்றால் தோல் பை விற்கும் கடை. இவள் பதறிவிட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். எண் சிவப்பில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு எண் நீலம். அந்த ஊரில் கடைகளுக்குச் சிவப்பு எண், குடியிருக்கும் வீடுகளுக்கு நீலம் அல்லது கருப்பு, இரண்டும் தனித்தனி வரிசை. ஒரே தெருவில் இரண்டு 15 இருக்கும். பழைய எண், புதிய எண் என்று நம் ஊரில் பட்ட பாடு எனக்குக் கை கொடுத்தது. இரண்டு நிமிடத்தில் நீல 15ஐப் பிடித்துவிட்டேன். ஃப்ளோரன்ஸ் போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே ரிக் ஸ்டீவ்சின் மறுமலர்ச்சி நடை துவோமோ தேவாலயத்தில் தொடங்கி ஆர்னோ நதியில் முடிகிறது. 1436இல் முடித்த அந்தச் செங்கல் குவிமாடத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வழியில் இருக்கும் ஓர்சான்மிக்கேலே. தானிய மண்டியாக இருந்து தேவாலயமான கட்டிடம். சுற்றி மாடங்களில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் காவல் புனிதருக்கு ஒரு சிலை வைத்திருக்கிறது. பெரிய சரித்திரத்துக்குள் அரிசி மண்டி, துணிக்கடை ஆட்களும் இருக்கிறார்கள் என்று காட்டும் இடம். நடை முடிந்த பிறகு நாங்களாகச் சுற்றியதில் வியா தே நேரி முனையில் சுவரில் இரண்டு வெள்ளக் குறிகளைப் பார்த்தோம். ஒன்று 1333 நவம்பர் 4, மற்றது 1966 நவம்பர் 4. தேதி கூட மாறவில்லை. 1966 குறி என் தலைக்கு எத்தனையோ அடி மேலே. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்த காலையில் கடலூர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றபோது பேச்சு வரவில்லை. இப்படி ஒரு கல்லை நாம் எங்கேயும் பதித்து வைக்கவில்லையே என்று இவள் சொன்னாள்.

வெனிஸ் தபால்காரனைச் சோதிக்கும் ஊர். நகரம் 6 பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே எண் வரிசை, தெருத் தெருவாகச் சுற்றி ஆயிரக்கணக்கில் போகும். அந்த ஊரில் பை தூக்குகிறவருக்கு என் வணக்கம். அந்தக் காசு ஆப் இங்கே எங்களை ஒரு சந்தில் நேராகப் போகச் சொன்னது. சந்து நாலு படியோடு தண்ணீரில் முடிந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சுவர்களில் வெள்ளைக் கட்டத்துக்குள் கருப்பில் எழுதியிருக்கும் தெருப் பேர்களையும், ரியால்தோ பாலத்துக்கு வழி காட்டும் மஞ்சள் பலகைகளையும் பார்த்து நடந்தோம். பத்து நிமிடத்தில் பாலம். மறுநாள் படகில் உட்கார்ந்து பெரிய கால்வாய் ஆடியோவைக் கேட்டது சுகம். கால் வலிக்காது, இரண்டு பக்கமும் மாளிகை. ரியால்தோ பாலத்தை ஒட்டி நிற்கும் ஜெர்மன் வணிகர்களின் பழைய கட்டிடம் போன நூற்றாண்டில் நகரத்தின் பெரிய தபால் நிலையமாக இருந்தது. அதைப் பார்த்துக் கைகூப்பினேன்.

இன்னும் சில. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், பாரிசில் சைக்கிள் சத்தமில்லாமல் வரும். பாரிசின் சந்த் ஷாப்பெல் தேவாலயம் மாதிரி சோதனை வரிசை இருக்கும் இடத்தில் ஆடியோவை நிறுத்திவிட்டு, உள்ளே போய் அந்த வண்ணக் கண்ணாடிக்கு நடுவே நின்ற பிறகு ஓட விடுங்கள். பவர் பேங்க் அவசியம். இருவர் போனால் ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு திசையில் நிற்பீர்கள்.

தமிழில் இப்படி ஒன்று கிடைக்குமா என்று தேடினேன், எனக்கு அகப்படவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இந்த வருடம் நானே தொடங்கிவிட்டேன். ஆகஸ்டில் பேத்தி வருகிறாள், 11 வயது, தமிழ் பேசுவாள், படிக்க வராது. போன் ரெக்கார்டரில் அவளுக்காகப் பேசி வைக்கிறேன். “காந்தி சிலைப் பக்கத்துல கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு கண்ணு. எதிரே ஒசந்து நிக்குதே, அதுதான் 1836ல ஏத்துன பழைய கலங்கரை விளக்கம்” என்று தொடங்குகிறது. அங்கிருந்து பாரதி பூங்கா, ஆயி மண்டபம், கால்வாய், கடைசியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736 முதல் 1761 வரை அந்த மனிதர் தமிழில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். நம் ஊர்த் தெருவில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

காலை 5:30க்குப் போய்ப் பதிவு செய்தேன், அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மறுபடி எடுத்ததை நேற்று இவளுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். “எல்லாம் சரிங்க. ஆனா மூச்சு விடாம சொல்றீங்க. புள்ள நிமிர்ந்து பாக்க வேண்டாமா? நடுவுல கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள்.

வியாழக்கிழமை விடியற்காலை திரும்பவும் போகிறேன்.