1,38,500 ரூபாய் போச்சு: வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை 7.40-க்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. 5,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். முதல் ஷிஃப்ட், இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வெர்னியரோடு நின்றுகொண்டிருந்தேன். கை நடுங்கி, எடுத்த அளவையே மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது. இது ஏழாவது தவணை. இன்னும் 17 பாக்கி இருக்கிறது. எல்லாம் சேர்த்து 1,38,500 ரூபாய். அதற்கு ஈடாக என்னிடம் இருப்பது, எங்கள் கம்பெனியில் செல்லாத ஒரு படிப்பின் லாகின் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். எப்படி எம்.பி.ஏ. தேர்ந்தெடுப்பது, எந்த ஸ்பெஷலைசேஷன் எடுப்பது என்று விவரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். வார்ப்படத்தில் ஓட்டை வந்தால் எந்த சப்ளையர், எந்த லாட் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் உதவி மேலாளர் பதவிக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் விதி. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் எனக்கு மேலே போய்விட்டார்கள். போன பொங்கலுக்கு முடிவு செய்தேன், இந்த வருடம் எம்.பி.ஏ. சேர்ந்தே தீருவது என்று.

நான் ஒன்றும் விசாரிக்காமல் போய் விழவில்லை. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அரசுப் பல்கலைக்கழகங்களின் தொலைதூரக் கல்வி என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஸ்பெஷலைசேஷனில்தான் குழப்பம். எனக்கு ஆசை ஆபரேஷன்ஸ், அதாவது உற்பத்தி நிர்வாகம். வீட்டுக்காரர் ஃபைனான்ஸ் நல்லது என்றார். தோழி ஒருத்தி எச்.ஆர். என்றாள். சரி, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கல்லூரிகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில் போன் நம்பரைக் கொடுத்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆன்லைனில் படிப்பு விற்கும் ஒரு பெரிய தளத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பெயர் போடவில்லை. விளம்பரத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் வகை.

பேசியவன் சின்னப் பையன். "அக்கா"தான், வேறு பேச்சே கிடையாது. "நானும் பொள்ளாச்சி பக்கந்தாங்க்கா" என்றான். அவனுடைய அக்காவும் திருப்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து இப்போது மேனேஜராம். முதல் மூன்று நாள் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டான். எனக்கு மேலே போன அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்டான். நான் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னேன். பேச்சுவாக்கில் பாப்பாவுக்கு வியாழக்கிழமை பிறந்தநாள் என்று சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை 8 மணிக்கு அவள் பெயர் போட்டு, பலூன் படத்தோடு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது. சொந்தத் தம்பிகூட மதியத்துக்கு மேல்தான் அழைத்தான். அந்த வாழ்த்தைப் பார்த்த நிமிடம்தான் நான் அவனை நம்பிய நிமிடம். அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் நான் சரிபார்க்கவே இல்லை.

ஆபரேஷன்ஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். "அது பழைய கோர்ஸ்க்கா, இப்பெல்லாம் பிசினஸ் அனலிடிக்ஸ்தான். உங்களுக்கு டூயல் ஸ்பெஷலைசேஷன் போட்டுத் தர்றேன், அனலிடிக்ஸ் வித் ஃபைனான்ஸ்" என்றான். 11 வருடம் சப்ளையர்களோடும் மெஷின்களோடும் மல்லுக்கட்டியவளுக்கு ஆபரேஷன்ஸும் சப்ளை செயினும்தானே பொருந்தும்? அப்போது அது தோன்றவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர்களிடம் ஆபரேஷன்ஸ் என்ற பாடப்பிரிவே கிடையாது. இல்லாத சரக்கைப் பழைய சரக்கு என்று சொல்லி, இருப்பதை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு வருடம்தான், வேலையை விட வேண்டாம், முடித்ததும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. கையில் என்றான். இங்கே செல்லுமா என்று கேட்டேன். கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். "குளோபல் டிகிரிக்கா, உலகம் பூரா செல்லும், இந்தியால செல்லாதா?" என்றான். கட்டணம் 2,10,000 ரூபாய். "உங்க 11 வருஷ அனுபவத்துக்கு" ஸ்காலர்ஷிப் கழித்து 1,38,500. அதுவும் அன்று இரவு 12 மணி வரைக்கும்தான்.

முதலில் சீட் பிடிக்க 6,500 ரூபாய் ஜி-பேயில் போட்டேன். மீதி 1,32,000-ஐ மாதம் 5,500 வீதம் 24 மாதம் கட்டினால் போதும், வட்டி கிடையாது என்றான். காலேஜுக்கு டேர்ம் ஃபீஸ் கட்டுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு ராத்திரி 9 மணி. பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வீடியோ காலில் உட்கார்ந்திருந்தேன். "பான் கார்டை முகத்துக்கு பக்கத்துல பிடிங்க்கா... இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல..." என்றார்கள். அடுத்தடுத்து மூன்று ஓ.டி.பி. வந்தது. மூன்றாவது ஆதார் ஓ.டி.பி. குறுஞ்செய்தியில் 'கடன் ஒப்பந்தம்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. "என்னப்பா இது, லோன்னு வருது?" என்று கேட்டேன். "அது சும்மா இ.எம்.ஐ. ஆப்ஷன்க்கா, சிஸ்டம் அப்படித்தான் காட்டும்." நான் நம்பரைச் சொல்லிவிட்டேன்.

அந்த ஓ.டி.பி.தான் என் கையெழுத்து. 41 பக்கக் கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் கடன் கொடுத்து, மொத்தப் பணத்தையும் அந்தத் தளத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. நான் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. கடன்காரியாக நான் மட்டும் நிற்கிறேன்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் பதிவு செய்த வீடியோ. சனிக்கிழமை ராத்திரி ஒரு நேரலை, அதில் சந்தேகம் கேட்டு எழுதினால் படிக்கக்கூட ஆள் இல்லை.

குட்டு உடைந்தது கேன்டீனில். எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் அரசுப் பல்கலைக்கழகத்தில் தொலைதூர எம்.பி.ஏ. இரண்டாவது செமஸ்டர் படிக்கிறார். டீ குடிக்கும்போது, "ஏம்மா, உனக்கு டெப் ஐடி எடுக்கறப்போ ஆதார்ல பேர் பிரச்சினை வந்துச்சா? எனக்கு இனிஷியலால ரெண்டு நாள் இழுத்துச்சு" என்றார். எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவில் தொலைநிலைக் கல்விக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது, சுருக்கமாக டெப் என்பார்கள். 2024-லிருந்து, இங்கே அங்கீகாரம் உள்ள எந்தத் தொலைதூர, ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் மாணவரே அவர்கள் தளத்தில் ஒரு ஐடி எடுக்க வேண்டும். அது இல்லாமல் சேர்க்கையே கிடையாது. என்னிடம் அதை யாரும் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்றால், நான் சேர்ந்த படிப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து இப்படித் தளங்கள் விற்கும் ஆன்லைன் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. நான் சேர்ந்தது அதற்கெல்லாம் எவ்வளவோ பின்னால். பார்க்கவில்லையே என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருக்கிறது.

மறுநாளே எச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன். பொறுமையாகப் பார்த்தார்கள். "இதைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள தொலைதூரப் பட்டமாக இருந்திருந்தால் ரெகுலர் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள், அப்படித்தான் யு.ஜி.சி.யும் 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதாவது, என் நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்த எதில் சேர்ந்திருந்தாலும் எனக்குக் காரியம் ஆகியிருக்கும். இந்தப் பணத்தில் பாதிகூடச் செலவாகியிருக்காது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தப் பையனுக்கு அழைத்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. பாப்பா பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தவன், நான் "தம்பி, ஒரு நிமிஷம் பேசு" என்று அனுப்பிய 14 செய்திக்கும் வாய் திறக்கவில்லை. பிறகு வேறொருவர் அழைத்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இனி நான்தான் உங்கள் ஆலோசகர் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கோம் மேடம், 72 மணி நேரத்துல வரும்" என்றார். நேற்று வரை அக்கா, இன்று மேடம். 72 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 'தீர்வு காணப்பட்டது' என்று போட்டு அந்த டிக்கெட்டை, அதாவது என் புகாரை, மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தேன். பணம் கேட்க 7 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டதாம். என் லாகினே எட்டாவது நாள்தான் வந்தது! அதைச் சொன்னால், "பாலிசி அப்படித்தான் மேடம்."

ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அழைத்தேன். "படிப்பைப் பத்தி எங்களுக்குத் தெரியாதுங்க, அவங்களைக் கேளுங்க." தளத்துக்கு அழைத்தேன். "லோன் விஷயம் அவங்களைத்தான் கேட்கணும்." மூன்று வாரம் இந்தப் பந்தாட்டம். தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் (கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) போய்விடும் என்கிறார்கள். அடுத்த வருடம் வீட்டுக் கடன் எடுக்க இருக்கிறோம், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறேன். கையை விட்டுப் போனது 45,000. போக வேண்டியது 93,500. மொத்தம் 1,38,500. பாப்பாவின் இரண்டு வருடப் பள்ளிக் கட்டணம் அது.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன். நேரம் ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சேரும் முன் யு.ஜி.சி. டெப் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் படிப்பும், நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். டெப் ஐடி கேட்கவில்லை என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் அங்கீகாரம் பெற்ற தொலைதூர எம்.பி.ஏ. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். ஒரே வருடம் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். உங்கள் எச்.ஆரிடம் பணம் கட்டும் முன் கேளுங்கள், என்னை மாதிரி கட்டிய பிறகு இல்லை.

ஸ்பெஷலைசேஷனை விற்பவனிடம் கேட்காதீர்கள். உங்கள் மேலதிகாரியின் மேஜையில் என்ன வேலை வருகிறது என்று பாருங்கள், அதற்குப் பொருந்துவதை எடுங்கள்.

பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். வட்டியில்லா இ.எம்.ஐ. என்றால் அது உங்கள் பெயரில் கடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. செய்தியை முழுக்கப் படிக்காமல் சொல்லாதீர்கள். ஆன்லைன் கடனில் ஆரம்பத்தில் குறைந்தது ஒரு நாளாவது, அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளும் அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கடன் எடுத்துச் சில நாள்தான் ஆகிறது என்றால் இன்றே அதைக் கேளுங்கள். என்னுடையது கண்ணுக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பி 19 நாள் ஆகிறது. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், போவேன். அந்த வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும், பலூன் படம் உட்பட, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். இதே மாதிரி கடனில் மாட்டிப் பணம் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.