படத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்துல அச்சு எடுக்கணும்னா லினோகட்டா (லினோ ஷீட்ல செதுக்குறது) வுட்கட்டா (மரப்பலகையில செதுக்குறது), எதுல ஆரம்பிக்கலாம்?
ரெண்டுலயும் செதுக்குன இடம் வெள்ளையா நிக்கும், மேடா இருக்கிறது மட்டும் மை வாங்கும், ஆனா கையில எடுத்தா ரெண்டும் வேற உலகம்.

லினோ, ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணி மேல படிய வச்சது, அதுல மரத்துல இருக்கிற மாதிரி ரேகையே கிடையாது, அதனால உளி எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும், கெட்டியா இருந்தா லேசா சூடு காட்டினா இளகிடும். பிகாசோ 1959 வாக்குல ஒரே பிளாக்கை (செதுக்குற லினோ துண்டை) ஒவ்வொரு கலருக்கும் இன்னும் கொஞ்சம் செதுக்கி செதுக்கி பல கலர் பிரிண்ட் போட்டாரு, அதைப் பாத்துட்டுதான் நானும் ட்ரை பண்ணேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, போன கலருக்குத் திரும்ப முடியாது, எத்தனை காப்பி வேணுமோ முதல்லயே போட்டுடணும்.

வுட்கட் பிடிவாதம் பிடிக்கும், ரேகைக்குக் குறுக்கே உளி போனா சிலாம்பு பேந்துடும். ஆனா நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் பிரிண்ட்ஸ் பாருங்க, மர ரேகையையே படத்துல ஒரு பாகமா விட்டிருப்பாரு, அந்த உயிர் லினோல வரவே வராது!

அடுத்தவங்க வேலையைப் பாத்து போட்டா காப்பியான்னு தயங்காதீங்க, வான்கோவே 1887ல ஜப்பான் ஓவியர் ஹிரோஷிகேவோட மர அச்சுப் படங்களைப் பாத்து பெயின்ட்ல வரைஞ்சவர்தான்.

புதுசா வர்றவங்களுக்கு என் ஓட்டு லினோவுக்குத்தான், கை பழகினதும் மரத்துக்கு வாங்க.