‘பழகிவிடும்’ என்று சொல்லியே 30 நாளைக் கரைத்தார்கள்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே (இரண்டு கதவு கார்) வாங்க நினைப்பவர்கள், அதிலும் சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ மாதிரி டர்போ வண்டியைக் கொடுத்துவிட்டு டொயோட்டா ஜிடி 86 பக்கம் போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டீலரின் பெயரை நான் எழுத முடியாது. கடைசியில் நடந்த உடன்பாட்டில் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்த வேலையை எழுதலாம்.

ஏழு வருடம் என்னிடம் இருந்தது 2010ஆம் வருட எஸ்டிஐ ஹேட்ச்பேக். 2.5 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அருமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பலத்தை எங்கே காட்டுவது? இரண்டாவது கியர் முடிவதற்குள் கிராமத்துச் சாலையின் 60 மைல் வரம்பு வந்துவிடும். சாலை வரி மட்டும் வருடத்துக்கு 700 பவுண்டைத் தாண்டிவிட்டது. அந்த இன்ஜினில் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும் என்று கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு, குளிர் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் நண்பரின் ஜிடி 86ஐ ஓட்டிப் பார்த்தேன். டர்போ கிடையாது. 200 குதிரைத்திறன்தான். முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர், என் எஸ்டிஐயில் இருந்ததில் பாதி. ஆனால் எடையும் 1,240 கிலோதான், எஸ்டிஐயை விட 250 கிலோவுக்கு மேல் குறைவு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறோம், கையைத் திருப்பினால் வண்டியின் மூக்கு உடனே திரும்புகிறது, 40 மைல் வேகத்திலேயே ஒரு வளைவை ரசித்து ஓட்ட முடிகிறது. எஸ்டிஐயில் இந்த சந்தோஷம் கிடைக்க வேண்டுமென்றால் லைசென்ஸைப் பணயம் வைக்க வேண்டும். அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவை இன்றும் தவறு என்று நான் நினைக்கவில்லை. வாங்கிய விதம்தான் தவறு.

லண்டனுக்கு வடக்கே ஒரு டீலரிடம் 2013ஆம் வருட ஜிடி 86 ஒன்று இருந்தது. வெள்ளை நிறம், ஆறு கியர், 58,000 மைல். விளம்பரத்தில் ‘எச்.பி.ஐ. கிளியர்’, அதாவது வண்டியின் பழைய வரலாற்றைச் சோதித்ததில் பிரச்சினை இல்லை, என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். விலை 11,500 பவுண்டு. என் எஸ்டிஐக்கு 10,000 தருவதாகப் போனில் சொன்னார் விற்பனையாளர். நானே தனியாக விற்றால் இன்னும் கூடக் கிடைக்கும் என்று தெரியும். ஆனால் முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்கு வரவழைத்து 300 குதிரைத்திறன் வண்டியின் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. சரி, 1,500 கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

போன அன்று நான் பார்த்ததெல்லாம் இன்ஜினைத்தான். ஏழு வருடம் டர்போ வண்டியோடு வாழ்ந்தவனுக்கு பயம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், புகை வருகிறதா என்று பின்னால் போய் நின்றேன், குளிர்ந்த இன்ஜினாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தது. உண்மையிலேயே அந்த இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை.

பணம் கட்டும்போது கார்டை நீட்டினேன். “கார்டு என்றால் 2.5 சதவீதம் கூடுதல், வங்கியிலிருந்து நேராக அனுப்பிவிடுங்கள்” என்றார். அனுப்பினேன். இதை எழுதும்போது கூட வயிறு எரிகிறது. தனிநபர் கார்டுக்கு இப்படிக் கூடுதல் கட்டணம் வாங்குவதை 2018 ஜனவரியிலேயே இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அது மட்டுமல்ல. ஒரு பகுதிப் பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கைகொடுத்திருக்கும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளில் பிரச்சினை வந்தால், விற்றவரோடு சேர்த்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. முழுத் தொகையைக் கட்டத் தேவையில்லை, முன்பணத்தைக் கட்டியிருந்தாலே போதும். ஒரு பொய்யைச் சொல்லி அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

பில் வந்தது. ஜிடி 86 விலை 8,500. எஸ்டிஐ மதிப்பு 7,000. கட்ட வேண்டியது 1,500. பேசிய எண்கள் இல்லையே என்று கேட்டேன். “எங்கள் கணக்குக்காக அப்படிப் போடுகிறோம், நீங்கள் கட்டுவது அதே தொகைதானே” என்றார். கழித்துப் பார்த்தேன், அதே தொகைதான். கையெழுத்துப் போட்டேன்.

நான்கைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பக்கத்து ரவுண்டபவுட்டில் 20 மைல் வேகத்தில் வலது பக்கம் திரும்பினேன், பின்பக்கம் சட்டென்று வெளியே போனது. இடது பக்கம் திரும்பும்போது ஒன்றுமில்லை. நேர் சாலையில் போகும்போது கூட ஸ்டீயரிங்கை ஒரு நூல் அளவு சாய்த்தே பிடிக்க வேண்டியிருந்தது. போன் செய்தேன். விற்பனையாளர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: “நீங்கள் நான்கு சக்கர இழுவை வண்டியிலிருந்து வந்திருக்கிறீர்கள். இது பின்சக்கர இழுவை, எடையும் குறைவு. கொஞ்ச நாளில் பழகிவிடும்.”

நம்பினேன். நம்பும்படிதான் இருந்தது. எஸ்டிஐ நம் தவறுகளையெல்லாம் மறைத்து இழுத்துக்கொண்டு போகும், பின்சக்கர வண்டி மறைக்காது என்று நானே படித்திருக்கிறேன். என் கை சரியில்லை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான கார் நிறுத்துமிடத்தில் போய் ஓட்டிப் பழகினேன். பின் இருக்கையில் மகளை உட்கார வைத்து மழையில் ஓட்டுவதை நிறுத்தினேன். அத்தனை நாளும் வண்டி கோணலாக இருந்தது, நான் என்னைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

12ஆம் நாள் நேரில் போனேன். டயராக இருக்கும், 19ஆம் நாள் கொண்டுவாருங்கள் என்றார்கள். பிறகு 26ஆம் நாள் என்றார்கள். பிறகு மெக்கானிக் விடுமுறை, அடுத்த வாரம் என்றார்கள். எல்லாம் போன் பேச்சு. கையில் ஒரு வரி எழுத்து கிடையாது.

இந்த நாள் கணக்கு ஏன் முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்தக் குறை வாங்கும்போதே இருந்தது என்று நாம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பழுது பார்க்கச் சொல்லி நாம் கேட்டுவிட்டால் அந்த 30 நாள் ஓட்டம் நின்று காத்திருக்கும். ஆனால் கேட்டோம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. 30 நாள் தாண்டிவிட்டால், பழுது பார்க்க டீலருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு திருப்பிக் கொடுத்தாலும், வண்டி என்பதால் ஓட்டியதற்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. டீலருக்கு இதெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

34ஆம் நாள், ஹாரோவில் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டயர் பார்க்கத்தான் போனேன். அவர் டயரைத் தொடவே இல்லை. பின்பக்கம் சாமான் வைக்கும் பூட் மூடியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார், டார்ச்சை இடது மூலையில் அடித்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “தம்பி, டயரை மாத்தி என்ன செய்யிறது? இது பின்னாலை நல்லா அடி வாங்கின கார்.”

காட்டினார். வலது பக்கம் தகடு சேரும் இடத்தில் சீலண்ட் ஒரே சீராக, கோடு போட்டது போல ஓடுகிறது. தொழிற்சாலையில் இயந்திரம் வைத்தது. இடது பக்கம் பிரஷ்ஷால் கையில் தடவியது, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பெயின்ட் கனத்தை அளக்கும் சிறு கருவியை வைத்தார். கதவில் 110 மைக்ரான், இடது பின் ஃபெண்டரில் 600க்கு மேல். அடியில் பட்டிப் பூச்சு. நான்கு சக்கரங்களின் கோணத்தையும் அளக்கும் அலைன்மென்ட் போட்டதும் இடது பின் சக்கரம் மட்டும் தாளில் சிவப்பாக வந்தது. திருத்திப் பார்த்தார், திருத்தும் அளவுக்கு அப்பால் போயிருந்தது. பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டத்தைப் பிடிக்கும் இடமே நகர்ந்திருக்கிறது.

அப்படியானால் எச்.பி.ஐ. கிளியர் என்பது? அதுவும் உண்மைதான். அந்தச் சோதனை சொல்வது கடன் பாக்கி, திருட்டு, இன்சூரன்ஸ் நிறுவனம் கழித்துவிட்ட வண்டியா என்ற விவரங்களை. இன்சூரன்ஸுக்கே போகாத விபத்து அதில் வராது. இந்த மாதிரி இலகுவான பின்சக்கர கூப்பேக்களை டிராக் டேவுக்கும் (பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்), டிரிஃப்ட் (பின்பக்கத்தைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) பழகவும் நிறையப் பேர் எடுத்துப்போகிறார்கள். சாதாரண சாலை இன்சூரன்ஸ் அங்கே பெரும்பாலும் செல்லாது. சுவரில் இடித்தால் கைக்காசு போட்டுத் தட்டி நிமிர்த்தி விற்றுவிடுவார்கள். டர்போ வண்டியில் இன்ஜினைச் சந்தேகப்படுங்கள், இந்த வகை வண்டியில் முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள். அண்ணா அன்று சொன்ன இதை வாங்குவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சுயேச்சைப் பொறியாளரின் அறிக்கையோடு டீலருக்கு எழுதினேன். வந்த பதில் என்ன தெரியுமா? எனக்கு இந்த வகை வண்டி பழக்கமில்லை என்று நானே பலமுறை போனில் சொன்னேனாம், ஆகவே நானே எங்கோ இடித்திருக்க வேண்டுமாம். அவர்கள் என் வாயில் போட்ட வார்த்தையையே எனக்கு எதிராகத் திருப்பினார்கள்.

என்னைக் காப்பாற்றியது எம்.ஓ.டி. எனும் வருடாந்திர வண்டிச் சோதனையின் வரலாறு. வண்டி எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாங்கும் முன் நானும் பார்த்தேன். மைல் கணக்கு சரியா, தேறியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். அதற்குக் கீழே இருக்கும் சிறு குறிப்புகளைப் படிக்கவில்லை. தொடர்ந்து இரண்டு வருடம் ஒரே குறிப்பு: இடது பின் டயர் உள்விளிம்பில் தேய்ந்துள்ளது. மற்ற மூன்று டயரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்தச் சக்கரம் கோணலாக இருந்ததற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்? அந்த 30 நாள் உரிமையை விட்டுவிட்டு பழுது பார்க்கச் சொல்லிக் கேட்கும்போது, முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது டீலரின் வேலை. பில்லின் அடியில் ‘இருந்த நிலையில் விற்கப்பட்டது, வியாபாரிக்கான விற்பனை’ என்று அச்சடித்திருந்தார்கள். நம்மைப் போல சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரின் உரிமையை அந்த வரியால் பறிக்க முடியாது. அதைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம்.

பழுது பார்க்க வாய்ப்பு கொடுத்தேன், மறுத்தார்கள். நீதிமன்றம் போவதாக முறைப்படி கடிதம் அனுப்பியதும் இறங்கி வந்தார்கள். அப்போதுதான் அந்த பில் வேலை செய்தது. என் எஸ்டிஐயைக் கேட்டேன். அது எப்போதோ போய்விட்டது. நான் கொடுத்த நான்காம் நாளே 12,495 என்று விளம்பரம் போட்டு விற்றிருக்கிறார்கள். சரி, அதன் மதிப்பைக் கொடுங்கள் என்றால், பில்லில் இருக்கும் 7,000தான் மதிப்பு என்றார்கள். பேசிய 10,000க்கு எழுத்து எங்கே? வித்தியாசத் தொகை சரியாக இருந்தால் போதும் என்று அன்று நினைத்தேனே, அந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குறைத்தது இந்த நாளுக்காகத்தான். அந்த 7,000மும் நான் கட்டிய 1,500ம் சேர்ந்து 8,500, அதில் ஓட்டியதற்கு 600 பிடித்துக்கொண்டு 7,900 கொடுத்தார்கள். வழக்கு போட்டால் இன்னும் கிடைத்திருக்கலாம். மனைவி, போதும் விடுங்கள் என்றாள். எனக்கும் அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். சிட்டிசன்ஸ் அட்வைஸ் எனும் ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். வியாபாரிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் சென்ற வாரம் வேறு ஒரு கூப்பே தேடிக்கொண்டிருந்தபோது அதே வண்டி கண்ணில் பட்டது. வேறு ஊரில், வேறு டீலர் பெயரில், ‘எச்.பி.ஐ. கிளியர்’ என்ற அதே வரியோடு. படத்தில் நான்கு டயரும் புத்தம் புதிது. வெள்ளை ஜிடி 86, 2013, 59,000 மைல் என்று யாராவது பார்க்கப் போனால், பூட் விரிப்பைத் தூக்கி இடது மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரஷ் ஓடிய தடம் தெரியும்.