நான்கு வருடம், ஒரே ஷெல் ஜாக்கெட்: மழையிலும் பனியிலும்

ஷெல் என்பது மழையையும் காற்றையும் தடுக்க எல்லாவற்றுக்கும் மேலே போடும் மெல்லிய ஜாக்கெட். நான் முதலில் வாங்கியது வெறும் 190 கிராம். சுருட்டினால் ஒரு ஆப்பிள் அளவுதான் இருக்கும், அதில் மயங்கித்தான் வாங்கினேன். மூன்றாவது மழைக்காலத்தில் தோள்பட்டையின் உட்பக்கம் வெள்ளைச் செதிலாக உரிய ஆரம்பித்தது. சரியாக பேக்பேக் பட்டை உரசும் இடம். இரண்டரை லேயர் ஜாக்கெட்டில் நீர் புகாத சவ்வுக்கு உட்புறம் தனித் துணி கிடையாது, மெல்லிய பூச்சு மட்டும்தான். வியர்வையும் உரசலும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன.

அதனால் 2021இல், சவ்வுக்கு உட்புறமும் துணி இருக்கும் மூன்று லேயர் ஷெல்லுக்கு மாறினேன். வீட்டுத் தராசில் 345 கிராம். இதுவரை கர்நாடகத்தின் குத்ரேமுக் மலை மூன்று தடவை, இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாய் ஒரு தடவை, காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு இரண்டு சீசன் பார்த்துவிட்டது.

குத்ரேமுக்கில் முதல் தடவை பெரிய ஏமாற்றம். ஜூலை மாதம், விடாத மழை. ஒரு மணி நேர ஏற்றத்துக்குள் உள்ளே டிஷர்ட் தொப்பலாகிவிட்டது. ஜாக்கெட் ஒழுகுகிறது என்றே நினைத்தேன். கைப்பகுதியின் உட்புறத்தில் இருந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. அத்தனையும் என் வியர்வை.

சவ்வு வழியாக வியர்வை ஆவியாக வெளியேற வேண்டுமென்றால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். ஆடி மாத மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்றே தண்ணீராக நிற்கிறது, ஆவி எங்கே போகும்? எவ்வளவு விலை கொடுத்தாலும் அங்கே கைகொடுப்பது அக்குள் ஜிப்தான். எடையைக் குறைக்க முதலில் அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். 40 கிராம் கூடினாலும் பரவாயில்லை, அந்த ஜிப் இல்லாத ஜாக்கெட்டை நான் வாங்க மாட்டேன். தென்னிந்திய மழைக்கு மட்டும்தான் என்றால், காற்று ஓட இடம் தரும் ஒரு பாஞ்சோவே (தலைவழியாகப் போடும் தொளதொள மழைப் போர்வை) போதும்.

ஹம்ப்டாவில் ஒரே நாளில் வித்தியாசம் தெரிந்தது. பாலு கா கேரா முகாமிலிருந்து கணவாய் வரை குல்லு பக்கத்துத் தூறல், உள்ளே பிசுபிசுப்பு. சுமார் 4,270 மீட்டரில் கணவாயைத் தாண்டி லாஹவுல் பக்கம் இறங்கினோம். மழை மறைவுப் பகுதி, சுள்ளென்று உலர்ந்த காற்று. அரை மணி நேரத்தில் உட்புறம் காய்ந்துவிட்டது. அதே ஜாக்கெட்தான்.

குல்மார்க்கில் இது தங்கம். அபர்வத் சரிவில் காற்று வெட்டும்போது உள்ளே குளிர் தாங்கும் ஒரு ஃப்ளீஸ் சட்டை, மேலே இது, அவ்வளவுதான். விழுந்து எழுந்து பனியைத் தட்டிவிட்டால் போய்விடும். குறை என்று பார்த்தால் இடுப்பில் பனி தடுக்கும் உள்பட்டி இல்லை. முதல் சீசனில் விழும்போதெல்லாம் ஜாக்கெட் மேலேறி, முதுகில் ஜில்லென்று பனி இறங்கியது. அப்புறம் மார்பு வரை வரும் பேண்ட் போட்டுச் சமாளித்தேன். கையுறையோடு இழுக்க முடியாத சின்ன ஜிப்புகளுக்கு நூல் வளையம் கட்டிக்கொண்டேன்.

கடைக்குப் போகும்போது ஃப்ளீஸையும் ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஹெல்மெட்டுக்கு மேல் ஹூட் ஏறி, தலையைத் திருப்ப முடிய வேண்டும். இரண்டு கையையும் உயரத் தூக்குங்கள், இடுப்பு தெரிந்தால் அந்த சைஸ் வேண்டாம். பாக்கெட் மார்பு உயரத்தில் இருக்கட்டும், கீழே இருந்தால் பேக்பேக்கின் இடுப்புப் பட்டை மூடிவிடும். 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்ற எண் துணி தாங்கும் நீர் அழுத்தத்தைத்தான் சொல்கிறது. பை அழுத்தும் தோளுக்கும் ஈரப் பனியில் உட்காரும்போதும் அது முக்கியம், மற்றபடி அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

பராமரிப்பைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். துவைத்தால் பாழாகிவிடும் என்று பயந்து இரண்டு வருடம் தண்ணீரே காட்டவில்லை. மேல்துணி மழையைக் குடித்து, கனத்து, சில்லிட்டுக் கிடந்தது. பிறகு இதற்கென்றே விற்கும் திரவத்தில் துவைத்து, மெஷினில் மிதமான சூட்டில் உலர்த்தினேன். சேம்பிலைத் தண்ணீர் மாதிரி துளிகள் மறுபடி உருண்டு ஓடின. துணி மென்மையாக்கி மட்டும் ஊற்றவே கூடாது. இப்படித் துளிகளை உருட்டிவிடுவது மேல்துணியில் இருக்கும் பூச்சு. இப்போது வரும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் அது ஃப்ளோரின் சேராத பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாகத் தாங்காது. அடிக்கடியே துவைக்க வேண்டும்.

ஹூட் தையலில் தண்ணீர் புகாமல் ஒட்டியிருக்கும் டேப் இரண்டு விரல் நீளத்துக்குத் தூக்கியிருக்கிறது. பிப்ரவரியில் மறுபடி குல்மார்க், அதற்குள் ஒட்டியாக வேண்டும்.